ஒரேஞ் வைன்: கொழும்பில் இருந்து கேட்ட கேள்விகளும் பதில்களும்

போன வருசம் லண்டனில் இருந்து வந்த மச்சான் ஒரு போத்தலைக் கொண்டுவந்து எங்கள் வெள்ளவத்தை வீட்டு மேசையில் வைத்தார். உள்ளே இருந்தது வெள்ளை வைனும் இல்லை, சிவப்பு வைனும் இல்லை. நல்ல சாயத் தேத்தண்ணியின் நிறம். அடியில் மண்டி வேறு. "பழுதாப்போச்சு போல" என்று அக்கா சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். மிச்சம் இருந்த நாலு பேரும் குடித்தோம். அன்றைக்குத் தொடங்கிய கேள்விகள்தான் கீழே இருப்பவை. சிலது நான் கேட்டவை, சிலது பிறகு மற்றவர்கள் என்னிடம் கேட்டவை. இலங்கையில் 21 வயது ஆகாதவர்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது. ஆகவே இதுவும் பெரியவர்களுக்கான எழுத்துத்தான்.

இது தோடம்பழத்தில் செய்வதா?

இல்லை. தோடம்பழத்துக்கும் இதற்கும் நிறம் ஒன்றுதான் சொந்தம். வெள்ளை முந்திரிகைப் பழத்தை, அதாவது இந்தியாக்காரர் திராட்சை என்று சொல்லும் பழத்தை, தோலும் விதையும் சேர்த்துப் புளிக்கவிட்டால் கிடைப்பது ஒரேஞ் வைன். கொழும்பில் ஒரு கடையில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அங்கே வேலை செய்த தம்பி மிகுந்த மரியாதையோடு என்னைக் கோடியல் தட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவரில் பிழை இல்லை, பெயரில்தான் பிழை.

குழப்பத்தைக் கூட்ட இன்னும் இரண்டு விசயம் உண்டு. ஸ்பெயினின் தெற்கே ஹுவெல்வா பகுதியில் உண்மையாகவே தோடம்பழத் தோலை ஊறவைத்து மணமேற்றும் இனிப்பு வைன் ஒன்று இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் ஒரேஞ் என்றே ஒரு ஊர் இருக்கிறது; அங்கேயும் வைன் செய்கிறார்கள், அதில் பெரும்பகுதி வழமையான வெள்ளையும் சிவப்பும். ஆகவே சிட்னியில் இருக்கும் சொந்தக்காரருக்குச் சொல்லி அனுப்பும்போது "தோலோடு ஊறினது" என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

பிறகு ஏன் இந்தப் பெயர்?

2004இல் டேவிட் ஹார்வி என்ற பிரித்தானிய வைன் வணிகர் வைத்த பெயர் இது. சிசிலித் தீவில் எட்னா எரிமலைச் சரிவில் ஃபிராங்க் கோர்னலிசன் என்பவரின் வைன் கூடத்தில் வேலை செய்த நேரத்தில், இந்த வகைக்கு ஒரு பொதுப்பெயர் இல்லையே என்று நிறத்தை வைத்துச் சொன்னார். சிவப்பு, வெள்ளை, ரோசே என்று மற்றவை எல்லாம் நிறத்தால்தானே அழைக்கப்படுகின்றன. ஜோர்ஜியர்களுக்கு இந்தப் பெயர் அவ்வளவு பிடிப்பதில்லை. அவர்கள் அம்பர் வைன் என்பார்கள். மரப்பிசின் இறுகிக் கல்லான அம்பரின் நிறம். போத்தலைப் பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

சட்டப் புத்தகங்களில் இதற்கு இடம் கிடைத்தது அண்மையில்தான். தென்னாபிரிக்கா 2015இல் தனி வகையாக ஏற்றுக்கொண்டது. குறைந்தது 96 மணித்தியாலம் தோலோடு கிடந்திருக்க வேண்டும் என்பது அங்கத்தைய விதி.

வெள்ளை, சிவப்பு, ரோசே ஆகியவற்றில் இருந்து இது எப்படி வேறுபடுகிறது?

தேத்தண்ணியை வைத்துச் சொல்லிவிடலாம். ஒரே தேயிலைதான். சுடுதண்ணியில் அரை நிமிசம் காட்டி எடுத்தால் ஒன்று, பத்து நிமிசம் ஊறவிட்டால் இன்னொன்று. இரண்டாவதில் நிறமும் கூட, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும் கூட. வைனில் தேயிலையின் இடத்தில் இருப்பது பழத்தோல்.

முந்திரிகைச் சாறு, எந்த நிறப் பழமாக இருந்தாலும், பெரும்பாலும் நிறமில்லாதது. நிறம், மணம், துவர்ப்பு எல்லாம் தோலிலும் விதையிலும்தான் இருக்கின்றன. வெள்ளை வைன் செய்கிறவர் பழத்தை உடனே பிழிந்து, சக்கையை ஒதுக்கிவிட்டு, சாற்றை மட்டும் நொதிக்கவிடுவார். சிவப்பு வைன் செய்கிறவர் கறுத்தப் பழத்தை நசித்து, தோலோடேயே நொதிக்கவிட்டு, பிறகுதான் பிழிவார். ஒரேஞ் வைன் செய்கிறவர் வெள்ளைப் பழத்தை எடுத்து, அதைச் சிவப்பு வைன் போல நடத்துகிறார். அவ்வளவுதான் இரகசியம்.

ரோசே இதற்கு நேர் எதிர்: கறுத்தப் பழம், தோலோடு கொஞ்ச நேரம். ஒரேஞ் என்றால் வெள்ளைப் பழம், தோலோடு நெடுநேரம். எவ்வளவு நெடுநேரம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நாலைந்து நாள் ஊறியது மெல்லிய பொன்நிறத்தில், கிட்டத்தட்ட வெள்ளை வைன் போலவே இருக்கும். ஆறு மாதம் கிடந்தது கித்துள் பாணி கலந்த தண்ணீர் போல இருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால், ஒன்றைக் குடித்துவிட்டு "எனக்கு ஒரேஞ் வைன் பிடிக்காது" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

என்ன ருசி?

துவர்ப்பு. முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெள்ளை வைன் என்று நினைத்து வாயில் வைத்தவர் திடுக்கிடுவது அதனால்தான்.

ஆங்கிலத்தில் வைன் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் நிறையச் சிரமப்படுகிறார்கள். அவர்களுடைய சுவைக் கணக்கில் துவர்ப்பு ஒரு சுவையே இல்லை. வாயில் உண்டாகும் ஒரு தொடுவுணர்ச்சி என்று விளக்குவார்கள். விஞ்ஞானம் அவர்கள் பக்கம்தான். டானின் என்ற பொருள் எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ள, வழுவழுப்புப் போய் நாக்கு உராயத் தொடங்குகிறது. ஆனால் அறுசுவை என்று எண்ணிப் பழகிய நமக்கு விளக்கமே தேவையில்லை. வாழைப்பூ, நெல்லிக்காய், நாவற்பழம், கொட்டைப்பாக்கு, பிளேன்டீ. அந்தக் குடும்பத்தில் ஒன்று. நாவற்பழம் தின்று நாக்கு ஊதாவாகி, பல் கூசாமல் ஆனால் கன்னத்தின் உட்பக்கம் இழுத்துப் பிடிக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

துவர்ப்புக்குப் பின்னால் வருவது போத்தலுக்குப் போத்தல் மாறும். காய்ந்த அப்ரிகொட், தேன், காய்ந்த தோடம்பழத் தோல், தேயிலை, வால்நட் என்று எழுதுவார்கள். எனக்குச் சிலவற்றில் புளி ஊறின தண்ணீரும், பழுக்கத் தொடங்கிய விளாம்பழமும் மணக்கும். தேன் மணக்கிறதே, இனிக்குமா என்றால் இல்லை. அநேகமாக எல்லாமே இனிப்பில்லாதவை. மூக்கு ஒன்று சொல்ல நாக்கு வேறொன்று சொல்லும். அதுவே பாதிச் சுவாரசியம்.

இது புது நாகரிகமா, பழைய விசயமா?

பெயர் புதிது, வேலை மிகப் பழையது. கருங்கடலுக்குக் கிழக்கே உள்ள ஜோர்ஜியாவில் இதை விட்டதே இல்லை. தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே கடாச்ரிலி கோரா என்ற இடத்தில் தோண்டி எடுத்த பானையோடுகளில் முந்திரிகை வைனின் எச்சங்கள் இருப்பதை 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். காலம் ஏறத்தாழ கிமு 6000. அந்தப் பானையில் இருந்தது வெள்ளையா சிவப்பா என்று ஓடு சொல்லாது. ஆனால் வைன் என்ற பொருளுக்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அது.

அவர்கள் வைன் செய்யும் பாத்திரத்துக்குப் பெயர் க்வெவ்ரி. படத்தைப் பார்த்தவுடன் நமக்குத் தாழி என்ற சொல்தான் வரும். கூம்பிய அடி, பெருத்த வயிறு, குறுகிய வாய். கழுத்து வரை மண்ணில் புதைத்து வைப்பார்கள். ஆளே உள்ளே இறங்கக்கூடிய பெரிய தாழிகளும் உண்டு. உண்மையாகவே ஒருவர் இறங்கி, செரி மரப்பட்டையால் செய்த தூரிகையால் தேய்த்துக் கழுவுவார். உட்புறத்தில் தேன்மெழுகு பூசியிருக்கும். நம் பக்கத்தில் புத்தளத்துக்கு வடக்கே பொம்பரிப்பில் தோண்டி எடுத்த தாழிகளில் மனித எலும்புகள்தான் இருந்தன. அங்கே அதே மாதிரிப் பானையில் வைனைப் புதைத்தார்கள். இரண்டையும் ஒரே நாளில் யோசிக்காமல் இருக்க முடியவில்லை எனக்கு.

கிழக்கு ஜோர்ஜியாவின் ககேத்தி மாகாணத்தில் அறுவடைக் காலத்தில் பழத்தை நசித்து, சாறு, தோல், விதை, சில நேரம் காம்பும் சேர்த்து உள்ளே போடுவார்கள். பழத்தோலோடு வந்த மதுவமே நொதிக்க வைக்கும். வெளியில் இருந்து எதுவும் சேர்ப்பதில்லை. பனங்கள்ளுக்கு யார் ஈஸ்ட் வாங்கிப் போடுகிறார்கள்? அதே கதைதான். மேலே மிதந்து வரும் சக்கையை நாளைக்குச் சில தடவை கீழே அழுத்திவிட வேண்டும். நொதி அடங்கியதும் சக்கை அடியில் இறங்கிவிடும், வாயை மூடி முத்திரை வைத்துவிடுவார்கள். இளவேனிலில் திறப்பார்கள். அவ்வளவு காலமும் மண்ணின் குளிர்ச்சிதான் குளிர்சாதனப்பெட்டி. அடி ஏன் கூம்பியிருக்கிறது என்பதும் இங்கேதான் விளங்கும்: விதைகள் அந்தக் கூரிய நுனியில் போய் அடங்கிவிட, மேலே தோலும் மண்டியும் அவற்றை மூடிவிடுகின்றன. கசப்பு விதையில்தான் கூட. அது வைனோடு அதிகம் கலக்காமல் ஒதுங்கிவிடுகிறது. 2013இல் யுனெஸ்கோ இந்த முறையை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சோவியத் காலத்தில் தொழிற்சாலை வைன்தான் பெரிது. தாழிகள் பெரும்பாலும் வீட்டுத் தோட்டங்களில் தப்பின. 2006இல் ரஷ்யா ஜோர்ஜிய வைனுக்குத் தடை போட்டது, 2013 வரை அது நீங்கவில்லை. பெரிய சந்தை மூடிப்போனதால் மேற்கே ஆள் தேட வேண்டி வந்தது. லண்டனில் மச்சான் கையில் அந்தப் போத்தல் கிடைத்ததற்கு அந்தத் தடைக்கும் ஒரு பங்கு உண்டு.

இத்தாலியர்களும் இதைச் செய்கிறார்களே?

இத்தாலியும் சுலோவேனியாவும் தொடும் எல்லையில், ஒஸ்லாவியா என்ற சின்னக் கிராமம். அங்கே வாழும் சுலோவேனிய மொழிச் சிறுபான்மையினர் இருவரால்தான் இது ஐரோப்பாவில் திரும்பித் தலைதூக்கியது: யோஷ்கோ கிராவ்னர், ஸ்டாங்கோ ராடிகோன். அந்தப் பக்கத்துப் பழம் ரிபொல்லா ஜால்லா, தடித்த தோல் உள்ளது. தாத்தா காலத்தில் அதைத் தோலோடு ஊறவைப்பது அங்கே வழக்கம்தான். நடுவில் எஃகுத் தொட்டியும் குளிரூட்டும் இயந்திரமும் வந்து, எல்லோரும் பளிங்கு போன்ற வெள்ளை வைனுக்கு மாறிவிட்டார்கள்.

கிராவ்னரும் அந்த வழியில் பேர்போனவர்தான். 1987இல் கலிபோர்னியாவுக்குப் போய் அங்கத்தைய வைன்களைச் சுவைத்தபோது, தான் போகும் பாதையின் முடிவைக் கண்டு வெறுத்துப்போனார் என்பார்கள். 1996இல் ஆலங்கட்டி மழை அவருடைய விளைச்சலில் பெரும்பகுதியை அழித்தது. மிஞ்சிய கொஞ்சப் பழத்தில் தோலோடு ஊறவைத்துப் பரீட்சித்துப் பார்த்தார். 2000இல் ஜோர்ஜியாவுக்குப் போனார், 2001 அறுவடையில் இருந்து தாழிக்கு மாறிவிட்டார். ராடிகோன் 1995இலேயே தொடங்கியவர், 2016இல் காலமானார். விமர்சகர்கள் முதலில் கைவிட்டார்கள், பழைய வாடிக்கையாளர் போத்தலைத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது அதே ஒஸ்லாவியாவுக்கு இதற்காகவே ஆட்கள் பயணம் போகிறார்கள்.

இயற்கை வைன் என்று சொல்வதும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஒரேஞ் என்பது செய்முறை. இயற்கை வைன் என்பது ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் செய்ய வேண்டும் என்ற கொள்கை. கொள்கைக்காரர் பலர் இந்த முறையை விரும்புவதால் இரண்டும் ஒரே தட்டில் இருக்கின்றன. தோலில் இருந்து வரும் டானின் வைனைக் காற்றில் இருந்து ஓரளவு காப்பாற்றுவதால் கந்தகம் குறைவாகச் சேர்க்கலாம் என்பது உண்மை. ஆனால் பெரிய ஆலைகளும் இன்று ஒரேஞ் வைன் விற்கின்றன.

கலங்கலாக இருக்கிறது, ஒரு மாதிரி மணக்கிறது. பழுதா?

கலங்கல் பழுதில்லை. வடிகட்டாமல் அடைத்திருப்பார்கள். மண்டி பிடிக்காவிட்டால் போத்தலை முதல் நாளே நேராக நிறுத்திவைத்து, மெதுவாக ஊற்றி, கடைசி ஒரு விரல் அளவை விட்டுவிடுங்கள். கொஞ்சம் கள்ளு மணம், கொஞ்சம் ஆப்பமாவு மணம் இருந்தாலும் பயப்பட வேண்டாம்.

நகப்பூச்சு அழிக்கும் திரவம் போலக் குத்தினால், அது பழுது. வினாகிரிப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொரு பழுதைக் கண்டுபிடிப்பதில் நமக்கு ஒரு வசதியும் உண்டு, ஒரு சிக்கலும் உண்டு. கந்தகம் குறைந்த வைன்களில் வருவது இது. மேற்கில் எலி மணம் என்பார்கள், எலிக்கூட்டின் வாடையாம். விசித்திரம் என்னவென்றால் மூக்கால் முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. விழுங்கிச் சில நொடி கழித்துத்தான் வரும். வைனின் புளிப்பு அந்தப் பொருளைக் கட்டிவைத்திருக்கும். எச்சில் பட்டுப் புளிப்புக் குறையும்போதுதான் அது ஆவியாகி மேலே வரும். சிலருடைய வாயில் கூடத் தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. இந்த மணத்துக்குக் காரணமான பொருட்களில் ஒன்றுதான் பாஸ்மதி அரிசிக்கும் நம் ரம்பை இலைக்கும் அந்த வாசத்தைக் கொடுப்பது. ஆகவே விழுங்கிய பிறகு பழைய சோற்றுப்பானையில் ரம்பை போட்ட மாதிரி ஒரு பின்வாசம் எழும்பினால் போத்தலில் குறை இருக்கிறது. என் நண்பர் ஒருவர் "நல்லாத்தானே இருக்கு" என்று அந்தப் போத்தலைத் தனியாகவே முடித்தார். கேடில்லை, உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

சைவக்காரருக்குச் சரிவருமா?

குடிக்கலாமா என்ற கேள்வியை நான் தொடவில்லை. பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பளிச்சென்று தெரியும் வைன்கள் பலவற்றைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையில் இருந்து எடுக்கும் பசை போன்றவற்றைப் பயன்படுத்துவார்கள். ஒரேஞ் வைன் செய்கிறவர்கள் பெரும்பாலும் தெளியவைப்பதே இல்லை, காலம் விட்டுத் தானாக அடங்க விடுகிறார்கள். அந்த வகையில் கலங்கல்தான் சைவம்.

எவ்வளவு குளிரில் குடிப்பது?

வெள்ளை வைனைவிடச் சூடாக, சிவப்பைவிடக் குளிராக. 12 பாகை, 14 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர் கூடினால் மணம் அடங்கி, துவர்ப்பு மட்டும் தூக்கி நிற்கும். ஐஸ் போட்ட பிளேன்டீ மாதிரி. ஐரோப்பியப் புத்தகம் "குடிப்பதற்கு அரை மணித்தியாலம் முன்பு வெளியில் எடுத்து வையுங்கள்" என்று சொல்லும். அது அவர்கள் வீட்டுக்கு. கொழும்பில் மின்விசிறி சுற்றும் அறையில் பத்து நிமிசம் போதும், அரை மணித்தியாலம் விட்டால் ரசம். ஐஸ் கட்டி மட்டும் போடாதீர்கள். தண்ணீர் கலந்தால் புளிப்பும் துவர்ப்பும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்.

கண்ணாடிக் குவளை எதுவானாலும் சரி, வாய் கொஞ்சம் அகலமாக இருந்தால் நல்லது. 750 மில்லிலீற்றர் போத்தலில் ஆளுக்கு 150 மில்லி வீதம் ஐந்து பேருக்கு ஊற்றலாம். முதல் தடவை அதற்கு மேல் தேவைப்படாது.

நம் சாப்பாட்டோடு போகுமா?

இதற்காகத்தான் எனக்கு இந்த வைனில் பிடிப்பே வந்தது. வெள்ளை வைன் நம் கறியின் முன்னால் தண்ணீராகிவிடும். சிவப்பு வைன் மீன், புளி, தேங்காய்ப்பால் மூன்றோடும் சண்டை பிடிக்கும். இது இரண்டுக்கும் நடுவில் நின்று சோற்றுத்தட்டில் உள்ள எல்லாவற்றோடும் ஏதோ ஒரு மொழியில் பேசிவிடுகிறது.

துவர்ப்பை அடக்குவது புரதமும் கொழுப்பும். சாயத் தேத்தண்ணியில் பால் ஊற்றியதும் மெதுவாகிவிடுகிறதே, பால் புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதால்தான். அதே வேலையை ஆட்டிறைச்சிப் பிரட்டலும், பருப்பும், கட்டித் தேங்காய்ப்பாலும் செய்கின்றன. ஆறு மாதம் ஊறிய ஜோர்ஜிய வைனை இறைச்சியோடு வைத்துப் பாருங்கள். கத்தரிக்காய் மோஜுவின் இனிப்புப் புளிப்புக்கு ஒஸ்லாவியா வைன் அச்சாகப் பொருந்தும். லம்ப்ரைஸ் பொட்டலத்தைத் திறக்கும்போது வாட்டிய வாழையிலை மணம் எழும்புமே, அதற்கும் இதற்கும் ஏதோ பழைய உறவு. பொலொஸ் கறி, வாழைக்காய்ப் பிரட்டல், ஈரப்பலாக்காய்ப் பொரியல் எல்லாம் தாங்களே துவர்ப்புத் தெரிந்தவை. துவர்ப்போடு துவர்ப்புச் சேர்ந்தால் இரண்டுமே குறைவது போலத் தோன்றும். இடியப்பமும் சொதியும் என்றால் நாலைந்து நாள் மட்டும் ஊறிய மெல்லிய வகை.

இனி உண்மையையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து நண்டுக் குழம்போடு இது சரிவராது. உறைப்பும் மதுசாரமும் நாக்கில் ஒரே நரம்பைத்தான் தட்டி எழுப்புகின்றன. அதன் மேல் டானினும் உராய்ந்தால் வாய் பற்றிக்கொள்ளும். ஒரு முறை வைராக்கியத்தோடு முயன்று பார்த்தேன். வைனும் விளங்கவில்லை, நண்டும் விளங்கவில்லை, தண்ணீர்ப் போத்தல்தான் காலியானது. ஒடியல் கூழும் அப்படித்தான். அவற்றுக்குக் கள்ளு இருக்கிறது.

காலி முகத்திடலில் விற்கும் இறால் வடையை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆறுவதற்கு முன்னால், வெங்காயச் சம்பலோடு சேர்த்துக் குடித்ததுதான் என் கணக்கில் முதல் இடம்.

கொழும்பில் எங்கே வாங்குவது?

தெருவுக்குத் தெரு "வைன் ஸ்டோர்ஸ்" என்று பலகை இருக்கிறது, உள்ளே சாராயமும் பியரும். வைன் கேட்டால் ஒரு மூலையில் தூசி பிடித்த நாலு போத்தலைக் காட்டுவார்கள். அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளின் மதுபானப் பிரிவு, வைனை இறக்குமதி செய்யும் கடைகள், கொழும்பு 3, கொழும்பு 7 பக்கத்து உணவகங்களின் வைன் பட்டியல் ஆகியவற்றைப் பார்க்கலாம். உணவகத்தில் ஒரு குவளையாகக் கிடைத்தால் அதுவே முதல் அறிமுகத்துக்கு நல்லது. பிடிக்காவிட்டால் ஒரு குவளையின் காசோடு போய்விடும். போயா நாளில் எதுவும் திறக்காது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூரில் இருந்து வரும் விருந்தாளிக்கு முதலே சொல்லிவையுங்கள்.

நடைமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்த போத்தல்களில் பாதிக்கு மேல் பெட்டியில் வந்தவைதான். லண்டன், பரிஸ், ரொறன்ரோ, மெல்பேர்ன் என்று எல்லா ஊரிலும் நமக்கு ஆள் இருக்கிறது. சொக்லேட்டுக்குப் பதிலாக இதைக் கேளுங்கள். சாரத்தில் சுற்றி, உடுப்புகளின் நடுவில் வைத்து, சுங்கத்தில் அனுமதிக்கும் அளவுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள்.

லேபிளில் எதைப் பார்ப்பது?

ஒரேஞ் என்ற சொல் இல்லாமலும் இருக்கும். பல நாடுகளில் சட்டப்படி இது வெறும் வெள்ளை வைன்தான். "ஸ்கின் கொன்டக்ட்", "அம்பர்", "க்வெவ்ரி", "மசெராட்டோ" என்று எழுதியிருந்தால் அதுதான். "ராமாட்டோ" என்பது இத்தாலியில் பினோ கிரிஜோ பழத்தைத் தோலோடு ஊறவைத்தது. அந்தப் பழத்தோலிலேயே இளஞ்சிவப்பு இருப்பதால் வைன் செப்பு நிறத்தில் வரும். ராமே என்றால் அவர்கள் மொழியில் செம்பு. துவர்ப்புக்குப் பயப்படுகிறவர் இதில் தொடங்கலாம். பிளேன்டீ குடித்து வளர்ந்தவர் நேரே ர்கட்சிதெலிக்குப் போகலாம். ஜோர்ஜியாவின் முக்கியமான வெள்ளைப் பழம் அது. பெயரைச் சொல்ல வராவிட்டால் போத்தலைக் கையால் காட்டுங்கள், நானும் அப்படித்தான்.

வெறி கூடவா? தலையிடி வராதாமே?

மதுசாரம் 11 முதல் 14 சதவீதம் வரை, மற்ற வைன்களைப் போலத்தான். தலையிடி வராது என்று விற்கிறவர் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். அளவு மிஞ்சினால் எல்லா நிறமும் ஒன்றுதான். வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டு முச்சக்கரவண்டியில் போங்கள்.

யாழ்ப்பாணத்து முந்திரிகையில் இதைச் செய்ய முடியாதா?

ஆசை எனக்கும் உண்டு. தொலகட்டி ஆசிரமத்து முந்திரிகை ரசமும் நெல்லி ரசமும் குடித்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணம் வராமல் போகாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் பந்தலில் தொங்குவது பெரும்பாலும் இஸ்ரேல் புளூ என்ற கறுத்த வகை. கறுத்தப் பழத்தைத் தோலோடு ஊறவைத்தால் அது சிவப்பு வைன். வெள்ளைப் பழம் வேண்டும், அதுவும் சாப்பிடுகிற பழம் போல மெல்லிய தோலாக இல்லாமல் தடித்த தோலும் நல்ல புளிப்பும் உள்ளதாக வேண்டும். வீட்டில் செய்து பார்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது கலால் சட்டப்படி குற்றம்.

திறந்த போத்தல், திறக்காத போத்தல் இரண்டையும் எப்படி வைப்பது?

திறக்காததைச் சமையலறை அலுமாரியில் வைக்காதீர்கள். வருசம் முழுக்க 30 பாகையைத் தொடும் ஊரில் வைன் அலுமாரிக்குள்ளேயே வெந்துவிடும். தக்கை மேலே தள்ளி, கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தால் ஏற்கெனவே எங்கோ சூடுபட்டது என்று அர்த்தம். கடையில் அப்படிக் கண்டால் வாங்க வேண்டாம். குளிர்சாதனப்பெட்டியின் அடித்தட்டில், கதவில் இல்லாமல், உட்பக்கமாக வையுங்கள்.

திறந்தது வெள்ளை வைனைவிடக் கூட நாள் நிற்கும். தக்கையைத் திருப்பிப் போட்டுக் குளிரில் வைத்தால் நாலைந்து நாள் தாராளமாகப் போகும். தடித்த வகைகள் இரண்டாம் நாள்தான் வாயைத் திறந்து பேசும். ஒரு வாரம் தாண்டியதை நான் குடிப்பதில்லை. மோஜு செய்யும்போது வினாகிரியில் ஒரு பங்கைக் குறைத்து இதை ஊற்றுவேன், கத்தரிக்காய்க்கு ஒரு ஆழம் வரும். முதல் நாள் எழும்பிப் போன அக்கா இன்றுவரை ஒரு மிடறு குடிக்கவில்லை. ஆனால் அடிமண்டி மிஞ்சினால் எறியாமல் வைக்கச் சொல்லி, ஒரு ஜாம் போத்தலைக் கொடுத்துவைத்திருக்கிறார்.